மல்ட்டிடூல் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கத்தி, குறடு, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் மடங்கி இருக்கும் கருவிதான் மல்ட்டிடூல். பழுது என்று சொல்லி என் கைக்கு வரும் மல்ட்டிடூல்களில் பெரும்பாலானவை கழுவி, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், என்னிடம் வருவதற்குள் யாராவது ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்திருப்பார்கள். தலை தேய்ந்த ஸ்க்ரூ, சுரண்டப்பட்ட கைப்பிடி, ஒரு பக்கம் மட்டும் இறுகிய கீல் என்று வேலை இரட்டிப்பாகிவிடும்.

அதனால் எந்த அறிகுறி என்றாலும் ஒரே வரிசையில் போங்கள்: முதலில் கழுவுவது, அடுத்து எண்ணெய், அப்புறம் ஸ்க்ரூ, கடைசியில் கம்பெனி அல்லது சாணை பிடிப்பவர். லாக் விழாத கத்திக்கும் விரிசல் விட்ட குறட்டுக்கும் மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அந்த இரண்டையும் கண்டதும் பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

கையில் வேண்டியவை: பழைய டூத் பிரஷ், மரப் பல்குச்சி, பாத்திரம் கழுவும் சோப்பு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தையல் மெஷின் எண்ணெய் அல்லது மெல்லிய மினரல் எண்ணெய், ஒரு டார்ச். இறைச்சியில் படும் கத்தி என்றால் உணவுத் தர மினரல் எண்ணெய்தான் சரி. சமையல் எண்ணெய் வேண்டாம், சில மாதங்களில் கீலுக்குள் பிசினாகிவிடும்.

தொடங்கும் முன் கீலின் இரு முனைகளையும் பாருங்கள். ஆறு முனை நட்சத்திரப் பள்ளம் இருந்தால் ஸ்க்ரூ. அதை இறுக்கலாம், தளர்த்தலாம். வழவழவென்று மூடியிருந்தால் ரிவிட். வீட்டில் அதைத் தொட வழியில்லை. கீழே "ஸ்க்ரூவை இறுக்குங்கள்" என்று வரும் இடங்கள் எல்லாம் ரிவிட்காரர்களுக்குப் பொருந்தாது.

## திறக்க இறுக்கமாக இருக்கிறது

நரநரவென்று சத்தம் வருகிறதா? உள்ளே மணல் அல்லது மண். இந்த நிலையில் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது கீலை அரைக்கும். எல்லாக் கருவிகளையும் வெளியே விரித்து, ஓடும் தண்ணீரில் கீலைக் காட்டுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றையும் திறந்து மூடுங்கள். தண்ணீர் கலங்குவது நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும்.

சத்தம் இல்லை, ஆனால் மந்தமாக நகர்கிறதா? பாக்கெட் பஞ்சும் பழைய எண்ணெயும் சேர்ந்து கெட்டியாகியிருக்கும். டார்ச் அடித்து, கருவிகளுக்கு இடையில் பல்குச்சியை விட்டு இழுத்தால் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணுக்கு போல ஒன்று வெளியே வரும். எண்ணெயைத் தாராளமாக விடுகிறவர்களின் மல்ட்டிடூலில்தான் இது அதிகம். பஞ்சை எடுத்த பிறகு ஆல்கஹாலால் கீலைக் கழுவி, உலரவிட்டு, புது எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள்.

ஒரே ஒரு கருவி மட்டும் இறுக்கமா? அது வளைந்திருக்கலாம். கைப்பிடியை நேராகப் பிடித்து, மேலிருந்து பாருங்கள். மடங்கும்போது பக்கத்துத் தகட்டில் உரசினால் அங்கே பளபளப்பான கோடு விழுந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரையோ கத்தியையோ நெம்புகோலாகப் பயன்படுத்தியதன் தடயம் அது. வளைந்த கத்தியை நிமிர்த்த முயலாதீர்கள். கடினமாக்கப்பட்ட ஸ்டீல் நிமிரும் முன் ஒடியும்.

உறைகுளிரில் மட்டும் இறுகுகிறதா? கெட்டியான கிரீஸ் அல்லது கீலில் உறைந்த ஈரம். கிரீஸைக் கழுவி எடுத்து, மெல்லிய எண்ணெய்க்கு மாறுங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்ட பிறகும் எல்லாமே இறுக்கமாக இருந்தால்தான் கீல் ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்திப் பார்க்க வேண்டும்.

## ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வருகிறது

சில பழைய மாடல்களின் பிறவிக் குணம் இது. அடுத்தடுத்த கருவிகள் வாஷர் இல்லாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கும். முதலில் கழுவுங்கள். அப்புறம் கருவிகளுக்கு நடுவே எண்ணெய் இறங்கும்படி விட்டு, பக்கத்துக் கருவியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தேவையானதை மட்டும் பலமுறை திறந்து மூடுங்கள். நாளடைவில் பழகிவிடும். புதிதாக வாங்கியதில் இந்தத் தொல்லை இருந்தால் சில வாரம் பொறுத்துப் பாருங்கள். ஸ்க்ரூவைத் தளர்த்தி இதைச் சரிசெய்யப் போனால் கத்தி ஆடத் தொடங்கும். ஒட்டிக்கொண்டு வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆடும் கத்தியைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

## வேட்டை முடிந்து வந்தபின் நாற்றம், கீலில் பழுப்புப் படலம்

இங்கே தாமதம்தான் எதிரி. ரத்தத்தில் ஏறக்குறைய 0.9 சதவீதம் உப்பு இருக்கிறது. ஓர் இரவு கீலுக்குள் கிடந்தாலே துருவைத் தொடங்கிவைக்க அது போதும்.

ரத்தம் இன்னும் ஈரமாக இருக்கிறதா? குளிர்ந்த தண்ணீரில் உடனே அலசுங்கள். சுடுதண்ணீரைக் கடைசிக்கு வையுங்கள். எடுத்த எடுப்பில் அதை ஊற்றினால் ரத்தம் முட்டை வெள்ளை போல இறுகிக் கீலில் ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்துவிட்டதா? என்சைம் கலந்த துணி சோப்புத் தூளைக் குளிர்ந்த அல்லது இளஞ்சூடான தண்ணீரில் கரைத்து, ஒரு மணி நேரம் போல ஊறவையுங்கள். புரதக் கறையை உடைக்கத்தான் அந்த என்சைம் இருக்கிறது. அதன் பிறகு டூத் பிரஷ். பிரஷ் நுழையாத இடத்துக்குப் பல்குச்சி. குண்டூசி, கம்பி வேண்டாம், உட்புறத்தைக் கீறிவிடும்.

வழவழப்பு மட்டும் மிச்சமா? அது கொழுப்பு. இப்போது சூடான சோப்புத் தண்ணீர் வரலாம். ஆனால் கொதிக்கவைக்க வேண்டாம், பிளாஸ்டிக் பக்கத்தகடுகள் நெளிந்து பிரியும். பாத்திரம் கழுவும் மெஷினும் வேண்டாம்.

கழுவியும் நாற்றம் போகவில்லையா? மல்ட்டிடூலை ஓரமாக வைத்துவிட்டு உறையை மோந்து பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். நைலான் உறையைத் துவைத்துவிடலாம். ரத்தம் ஊறிய தோலுறையை மாற்றிவிடுவதே மேல். உறையில் நாற்றம் இல்லை என்றால், பக்கத்தகட்டுக்கு அடியில் போயிருக்கும். ஸ்க்ரூ மாடல் என்றால் தகட்டைக் கழற்றிக் கழுவலாம். ஒட்டிய தகடு என்றால் கம்பெனி சர்வீஸ்தான்.

கிருமி நீக்க வேண்டுமென்றால் அழுக்கு முழுக்கப் போன பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். சாதாரணமாகப் பிளீச் வேண்டாம். அதிலுள்ள குளோரின் துருப்பிடிக்காத ஸ்டீலையும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

மான் இனங்களைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய் இருக்கிற பகுதி என்றால் கதையே வேறு. அதற்குக் காரணமான பிரியான் என்ற புரதம் கொதிநீருக்கும் ஆல்கஹாலுக்கும் மசியாது. வீட்டுப் பிளீச்சை 40 சதவீதக் கரைசலாக்கி 5 நிமிடம் வைத்தால் ஸ்டீல் மேற்பரப்பில் அது செயலிழக்கிறது என்று அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் திசுத் துணுக்குக்குள் பிளீச் ஊடுருவுவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மல்ட்டிடூலின் கீல் என்பதே துணுக்கு தங்குகிற இடம். அந்தப் பகுதிகளில் உரிக்கவும் கூறு போடவும் மடங்காத கத்தி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மல்ட்டிடூல் மற்ற வேலைகளுக்கு இருக்கட்டும்.

## துருப் புள்ளிகள்

துருப்பிடிக்காத ஸ்டீல் என்று எழுதியிருந்தாலும் துரு வரும். கத்திக்குத் தேவையான கடினத்தைத் தரும் ஸ்டீலில் கார்பன் கூடுதல். அதற்கு விலையாகத் துருவைத் தாங்கும் குணம் சமையலறைக் கரண்டியைவிடக் கொஞ்சம் குறையும். கறுப்பு நிறத்தில் வரும் மாடல்களில் கறுப்பு ஆக்சைடு பூச்சு என்றால் கவனம்: எண்ணெய்ப் பசை இல்லாவிட்டால் அந்தப் பூச்சு துருவைத் தடுக்காது, ஆரம்பத் துருவைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கவும் செய்யும்.

ஆரஞ்சு நிறம், நகத்தால் சுரண்டினால் போகிறதா? மேலோட்டமான துரு. எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேயுங்கள். போகவில்லை என்றால் பேக்கிங் சோடாவைக் குழைத்துத் தேயுங்கள். அதற்கும் மிஞ்சினால் 0000 எண் ஸ்டீல் உல் (மிக மெல்லிய இரும்பு நார்), எண்ணெயோடு. பூச்சுள்ள மாடல்களில் மட்டும் ஸ்டீல் உல் கூடாது.

கறுப்புப் புள்ளி, நகம் இடறுகிறதா? அது குழி. தேய்த்தால் போகாது, போகத் தேவையும் இல்லை. துருவை மட்டும் எடுத்துவிட்டு எண்ணெய் பூசி வையுங்கள். குழி கூர்முனையிலேயே இருந்தால், அந்த இடத்தைத் தாண்டிச் சாணை பிடித்தால்தான் முனை நேராகும். ஆழமாக இருந்தால் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

துடைத்த மறுநாளே கீலிலிருந்து ஆரஞ்சுத் தண்ணீர் கசிகிறதா? உள்ளே சரியாக உலரவில்லை. எல்லாக் கருவிகளையும் விரித்து உதறி, ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் வைத்து, சூடு ஆறும் முன் கீலில் எண்ணெய் விடுங்கள். டபிள்யூடி-40 இருந்தால் இந்த இடத்தில் உதவும். ஈரத்தை விரட்டத்தான் அதை உருவாக்கினார்கள், பெயரிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அதன் படலம் அதிக நாள் நிற்காது, மேலே தனியாக எண்ணெய் விட வேண்டும்.

துரு திரும்பத் திரும்ப வந்தால் நீண்ட நாள் தோலுறையில் வைக்கிறீர்களா என்று பாருங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட ரசாயனங்களின் மிச்சமும் அதில் இருக்கும். எடுத்துப் போகும்போது உறை, வீட்டில் வைக்கும்போது வெளியே.

## கத்தி வெட்டவில்லை

இறைச்சியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மழுங்கினதா? கூர் போயிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. கொழுப்பு முனையை மூடியிருக்கும். துடைத்துவிட்டு மறுபடி வெட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் கல்லை எடுத்து, கொழுப்போடு தேய்த்து, கல்லையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

துடைத்தும் வெட்டவில்லையா? கத்தியின் முனையை நேராகக் கண்ணுக்கு எதிரே, விளக்கின் கீழே பிடியுங்கள். கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பாது, அங்கே ஒன்றுமே தெரியாது. மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். தனித்தனிப் புள்ளியாக மின்னினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது.

*மெல்லிய கோடு மட்டும்:* செராமிக் குச்சியில் இரு பக்கமும் மாற்றி மாற்றி சில இழுப்பு. பெரும்பாலும் இவ்வளவே போதும்.

*கோடு அகலமாக இருக்கிறது:* சாணைக்கல் வேண்டும். பக்கத்துக்கு 20 டிகிரி கோணம் இந்த வகைக் கத்திகளுக்குப் பொதுவாகப் பொருந்தும். கோணமானி தேவையில்லை. கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு அதன் முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் ஏறக்குறைய அந்தக் கோணம் வந்துவிடும். 18 மில்லிமீட்டர் அகலக் கத்தி என்றால் 6 மில்லிமீட்டர். கோணம் சரியா என்று பார்க்க, முனையை ஒட்டிய சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி இரண்டு இழுப்பு இழுங்கள். மை சரிவின் மேல்பகுதியில் மட்டும் அழிந்து முனையில் அப்படியே நின்றால் கத்தியைப் படுக்கையாகப் பிடிக்கிறீர்கள். முனையில் மட்டும் அழிந்தால் மிகவும் நிமிர்த்திப் பிடிக்கிறீர்கள். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் விரலில் மெல்லிய பிசிறு தட்டுப்படும் வரை தேயுங்கள், அதன் பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பிசிறு வராமல் பக்கம் மாற்றிக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கத் தேய்த்தாலும் கூர் வராது. கடைசியில் இரு பக்கமும் மிக லேசான இழுப்புகளால் பிசிறை எடுத்துவிடுங்கள்.

*அரை மில்லிமீட்டருக்குள் சில்லு:* சொரசொரப்பான கல்லில் தொடங்கி, பொறுமை இருந்தால் நீங்களே எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் தண்ணீர் விட்டு அரைக்கும் சாணைக்காரரிடம் போங்கள். தண்ணீர் இல்லாமல் மோட்டார்க் கல்லில் தீப்பொறி பறக்கப் பிடிப்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். முனை நீலம் பூத்துத் திரும்பி வந்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

*நுனி ஒடிந்திருக்கிறது:* புது நுனியைக் கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து அரைத்துத்தான் உருவாக்க வேண்டும். கூர்ப் பக்கத்திலிருந்து அரைத்தால் நுனி மேலேறிவிடும். மடக்கும்போது கைப்பிடிக்குள் அடங்காமல் வெளியே நீட்டி, பாக்கெட்டில் கை விடும்போது குத்தும். சாணைக்காரரிடம் கொடுக்கும்போது மடக்கிக் காட்டியே சொல்லுங்கள்.

பல் வைத்த கத்தியா? தட்டையான கல் உதவாது. கூம்பு வடிவக் குச்சியால், சரிவு வெட்டிய பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு குழியாகத் தீட்டுங்கள். மறுபக்கத்தில் படுக்கையாக ஓர் இழுப்பு, பிசிறுக்காக, அவ்வளவுதான்.

## கத்தி ஆடுகிறது

கைப்பிடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, கத்தியின் முதுகை மறுகை விரல்களால் பிடித்து அசையுங்கள்.

இடவலமாக ஆடுகிறதா? கீல் தளர்ந்திருக்கிறது. பல மாடல்களில் ஸ்க்ரூவின் நட்சத்திரப் பள்ளத்துக்கு நடுவே ஒரு சின்ன முளை நிற்கும். சாதாரண டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர) பிட் அதில் நுழையாது, நடுவில் துளை உள்ள செக்யூரிட்டி பிட் வேண்டும். பெரும்பாலும் இரு பக்கமும் பிட் வைத்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் முழு அச்சும் சேர்ந்து சுற்றும். எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்குங்கள், திறந்து மூடுங்கள், ஆட்டத்தைப் பாருங்கள், தேவைப்பட்டால் மறுபடி. ஒரேயடியாக இறுக்கினால் கத்தி நகராது.

இறுக்கியும் சில நாளில் மறுபடி ஆடுகிறதா? மரையில் ஒட்டும் திரவம் காய்ந்து உதிர்ந்திருக்கும். ஸ்க்ரூவை வெளியே எடுத்து, மரையை ஆல்கஹாலால் துடைத்து, பல்குச்சி நுனியில் எடுத்த லாக்டைட் 243 அல்லது அதைவிட மென்மையான 222 தொட்டு வைத்துப் பூட்டுங்கள். கத்தியின் துளைக்குள் அது வழிந்தால் கீல் ஒட்டிக்கொள்ளும், அதனால் மிகக் கொஞ்சம். 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். சிவப்பு நிறத்தில் வரும் 271 வேண்டவே வேண்டாம். அதைக் கழற்ற ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் சூடு தேவைப்படும், பக்கத்தில் இருப்பதோ பதம் பிடித்த கத்தி.

ஸ்க்ரூ அசையவே மறுக்கிறதா? பலத்தைக் கூட்டாதீர்கள். சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூவின் தலையில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் கம்பெனி போட்ட ஒட்டுத்திரவம் இளகும். பிட் வழுக்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மேல்கீழாக ஆடுகிறதா? கீலை இறுக்குவதால் பயன் இல்லை. அது லாக் தேய்மானம். அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## லாக் நிற்கவில்லை, அல்லது விட மறுக்கிறது

இதில் விளையாட்டு வேண்டாம். நிற்காத லாக் உள்ள கத்தியை மடக்கி, டேப் சுற்றி வைத்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

பல மாடல்களில் இருப்பது லைனர் லாக். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு, கத்தி முழுதாகத் திறந்ததும் அதன் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து நிற்கும்.

சரியாக வந்து உட்காரவில்லையா? முதல் சந்தேகம் அழுக்கு. தகடு உட்காரும் இடத்தில் காய்ந்த ரத்தமோ ஒரு மணலோ இருந்தாலும் போதும், லாக் பாதி வழியில் நிற்கும். ஆல்கஹாலில் நனைத்த காதுக்குச்சியால் அந்த முகத்தைத் துடையுங்கள். பிறகு திறந்து, தகடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கத்தியின் அடிப்பகுதி அகலத்தில் கால் பங்குக்கு மேல் வந்திருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து. மறுகோடி வரை போய் எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட்டால் லாக் தேய்ந்து முடிந்துவிட்டது.

சோதிக்க: கூர்முனை மடங்கும் பாதையில் ஒரு விரலும் இல்லாதபடி கைப்பிடியைப் பக்கவாட்டில் பிடித்து, கத்தியின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்துங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம், நல்ல லாக்கும் அதில் கெடும். மெதுவான அழுத்தத்துக்கே வழுக்கினால் கம்பெனிக்கு அனுப்புங்கள். லாக் தகட்டைக் கையால் வளைத்துச் சரிசெய்யச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். வளைத்தால் ஒரு வாரம் நிற்கும், எந்த வாரம் நிற்காது என்றுதான் தெரியாது.

லாக் ஒட்டிக்கொண்டு விடவில்லையா? புதுக் கத்திகளில் சகஜம். தகடு தொடும் இடத்தில், கத்தியின் அடிப்பகுதியில், பென்சிலால் அழுத்திக் கறுப்பாகத் தேயுங்கள். கிராஃபைட் உலர் மசகாக வேலை செய்யும், லாக்கை வழுக்க வைக்காது. அங்கே எண்ணெய் விடுவது நல்ல யோசனை இல்லை.

லாக்கே இல்லாத மாடல்கள் உண்டு, முதுகு ஸ்பிரிங் மட்டும் பிடித்திருக்கும். அவற்றில் "டக்" என்று அடைவது மந்தமானால் கழுவி எண்ணெய் விடுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங் போய்விட்டது, சர்வீஸ்தான்.

## குறட்டின் வாய் சேரவில்லை

வெளிச்சத்துக்கு எதிரே மூடிப் பாருங்கள்.

நுனி சேர்ந்து, நடுவில் மெல்லிய இடைவெளி தெரிகிறதா? பழுது இல்லை. ஊசிமூக்குக் குறடுகளில் பல இப்படித்தான் வரும். நுனி முதலில் தொடும், அழுத்தம் கூடும்போது மற்ற இடம் சேரும்.

நுனி சேரவில்லை, நடுவில் முட்டுகிறதா? பற்களுக்குள் ஏதாவது சிக்கியிருக்கும். ஊசியால் குத்திப் பார்த்து எடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் வாய் வளைந்திருக்கிறது.

நுனிகள் பக்கவாட்டில் விலகி நிற்கின்றனவா? கீல் தளர்ந்திருந்தால் இறுக்கச் சரியாகும். ஆட்டமே இல்லாமல் விலகி நின்றால் முறுக்கியதால் வந்தது. குறட்டால் நட்டைப் பிடித்துச் சுற்றுவதும், கிடுக்கிப் பிடியோடு நெம்புவதும்தான் இதற்குக் காரணம். சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள். வாயின் அடிப்பகுதியில், கீலுக்குப் பக்கத்தில், முடிபோன்ற கோடு இருக்கிறதா என்று எண்ணெய் தடவித் துடைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அதில் எண்ணெய் மிஞ்சி நின்று கோடாகத் தெரியும். தெரிந்தால் அன்றோடு அந்தக் குறட்டை ஓய்வில் வைத்துவிடுங்கள்.

அழுத்தும்போது கைப்பிடி கொஞ்சம் வளைந்து கொடுப்பது வேறு விஷயம். தகட்டை மடித்துச் செய்த கைப்பிடி வளைந்துதான் கொடுக்கும்.

## கம்பி வெட்டும் இடம் கம்பியை மடக்குகிறது

மெல்லிய கம்பி மடங்கி நடுவில் சிக்குகிறதா? வெட்டும் இரு முனைகளுக்கும் இடையில் இடைவெளி. முதலில் கீலை இறுக்குங்கள்.

மூடிப் பார்த்தால் அரைவட்டமாக வெளிச்சம் தெரிகிறதா? கடினமான கம்பியை வெட்டிய பள்ளம். தூண்டில் முள், ஸ்பிரிங், கிதார்க் கம்பி, பியானோ கம்பி ஆகியவை பல கம்பி வெட்டிகளின் முனையைவிடக் கடினமானவை. சின்னப் பள்ளம் என்றால் அதற்குப் பக்கத்து இடத்தில் வைத்து வெட்டிக்கொள்ளலாம். லெதர்மேன் கம்பெனியின் வேவ் பிளஸ், சர்ஜ் போன்ற மாடல்களில் வெட்டும் முனைகளை மட்டும் ஸ்க்ரூ கழற்றி மாற்றலாம். கெர்பரின் சில மாடல்களில் அந்த முனை முக்கோணமாக இருக்கும், திருப்பிப் போட்டால் புது விளிம்பு கிடைக்கும். மாற்ற முடியாத மாடலில் அரம் போட்டுச் சரிசெய்தால் இடைவெளி இன்னும் கூடும்.

பள்ளத்தின் ஓரம் உருகினது போல உருண்டையாக, கறுப்பாக இருக்கிறதா? மின்சாரம் ஓடும் வயரை வெட்டிய அடையாளம். மல்ட்டிடூலின் கைப்பிடி உலோகம், காப்பு எதுவும் கிடையாது. வேலை செய்தவருக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் அதிர்ஷ்டம். மல்ட்டிடூலை விடுங்கள், அந்த வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

## ஸ்க்ரூடிரைவர் வழுக்குகிறது

பெருக்கல் குறி போன்ற பள்ளம் உள்ள (பிலிப்ஸ்) தலையில் வழுக்கினால் முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள். பெருக்கல் குறிக்கு இடையிடையே மெல்லிய நான்கு கோடுகள் இருந்தால் அது பிலிப்ஸ் போலவே தோன்றும் போசிட்ரைவ் என்ற வேறு வகை. பிலிப்ஸ் முனை அதில் வழுக்கத்தான் செய்யும். அளவு பொருந்தாமலும் வழுக்கும். முனையே உருண்டு தேய்ந்திருந்தால், தட்டை முனையை அரத்தால் நேராக்கலாம். பிலிப்ஸ் முனையைக் கையால் சரிசெய்ய முடியாது. கழற்றி மாட்டும் பிட் என்றால் புது பிட் வாங்குங்கள்.

பிட் பிடிக்கும் வாய்க்குள் இரும்புத் துகள் சேர்ந்தால் பிட் ஆடும். டேப்பின் ஒட்டும் பக்கத்தை உள்ளே விட்டு எடுத்தால் வந்துவிடும்.

## கத்தரிக்கோல், ரம்பம்

கத்தரிக்கோல் திரும்ப விரியவில்லை என்றால் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும் அல்லது ஒடிந்திருக்கும். விக்டோரினாக்ஸில் அந்தச் சின்ன ஸ்பிரிங் தனியாகவே கிடைக்கும், மாடலைப் பார்த்து வாங்க வேண்டும். வெட்டாமல் துணியை மடக்கினால் ஒட்டும் டேப்பின் பசையை ஆல்கஹாலால் துடையுங்கள், கீலைக் கொஞ்சம் இறுக்குங்கள். உட்புறத் தட்டை முகத்தை மட்டும் தீட்டாதீர்கள், இரு அலகும் அதற்குப் பிறகு சேராது.

ரம்பம் இழுக்க மறுத்தால் பற்களுக்கு நடுவே மரப்பிசின் அல்லது எலும்புத் தூள் அடைத்திருக்கும். பிசினுக்கு ஆல்கஹாலும் பிரஷும், எலும்புத் தூளுக்குத் தண்ணீர். பல் தேய்ந்த ரம்பத்தைத் தீட்டுவது அதன் விலைக்குத் தகாத வேலை.

## பாக்கெட்டில் தானாகத் திறக்கிறது

கிளிப் ஸ்க்ரூ தளர்ந்து மல்ட்டிடூல் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். அதை இறுக்கி லாக்டைட் 222 தொட்டுவிடுங்கள். கிளிப் சரி என்றால், மூடிய நிலையில் கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். கத்தி வெளியே எட்டிப் பார்த்தால் கீல் அளவுக்கு மீறித் தளர்ந்திருக்கிறது, அல்லது மூடிய நிலையில் பிடித்து வைக்கும் சின்னக் குமிழ் தேய்ந்துவிட்டது. முன்னதை இறுக்கலாம். பின்னது சர்வீஸ் வேலை. அதுவரை உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.

## கம்பெனிக்கு அனுப்பும் முன்

லெதர்மேனுக்கு 25 வருட உத்தரவாதம். விக்டோரினாக்ஸ் தன் கத்திகளின் உலோகத்திலும் செய்முறையிலும் உள்ள குறைக்கு ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. இரண்டிலும் சாதாரணத் தேய்மானமும் முறைகேடான பயன்பாடும் சேராது. நீங்களே கழற்றியதால் வந்த சேதத்தையும் பொதுவாக ஏற்க மாட்டார்கள், அதனால் உத்தரவாதம் உள்ள மல்ட்டிடூலில் லாக், ஸ்பிரிங், குறட்டு வாய் மூன்றையும் திறந்து பார்க்காதீர்கள்.

சுத்தமாகக் கழுவி உலர்த்தி அனுப்புங்கள். உறை, கிளிப், தனி பிட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது நீக்க முடியாவிட்டால் வேறு ஒன்றைக் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு, அப்போது பழையது திரும்பி வராது. பெயர் பொறித்தது, அப்பா கொடுத்தது என்றால், இதே மல்ட்டிடூல்தான் திரும்ப வேண்டும் என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள். முடியாது என்றால் அனுப்பாமலே இருக்கலாம். கத்தியைக் கூரியரில் அனுப்புவதற்கும், லாக் உள்ள கத்தியைக் கையில் வைத்திருப்பதற்கும் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.